இருமலுக்குக் கட்டம் இல்லை

பட்டறையில் அவளை எல்லாரும் மருந்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது பெரியவர்களுக்குக்கூட அவள் அக்காதான். அவள் டாக்டரும் இல்லை, முழு நர்ஸும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, மாத்திரை எடுத்துக் கொடுத்த பழக்கம் உண்டு, அவ்வளவுதான். மகளைக் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று ஆன சமயத்தில், அதே பட்டறையில் கல்லுக்கு ஓரம் தீட்டிக்கொண்டிருந்த புருஷன் மேனேஜரிடம் பேசி, வாசலை ஒட்டியிருந்த மருந்தறையில் அவளை உட்கார வைத்தார்.

மருந்தறை என்றால் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு மேசை, ஒரு கட்டில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, கை கழுவ ஒரு குழாய். மேசைமேல் ஒரு நீளமான புத்தகம். அதில் கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும்: தேதி, பெயர், உடம்பில் எந்த இடம், எப்படிப் பட்டது, என்ன மருந்து, எத்தனை மணிக்கு வேலைக்குத் திரும்பினார். கடைசிக் கட்டம்தான் மேனேஜருக்கு முக்கியம்.

"அக்கா, ரத்தம் வந்தா எழுதுங்க. ரத்தம் வரலைன்னா எழுதாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் அவர். "தலைவலி, காய்ச்சல், வயித்துப்போக்கு எல்லாம் அவங்கவங்க வீட்டுச் சமாச்சாரம். அதெல்லாம் பட்டறைக் காயம் ஆகாது."

அவளும் அப்படியே எழுதினாள். கல் விழுந்து நசுங்கிய கால் பெருவிரல், தகடு கிழித்த உள்ளங்கை, கண்ணில் தெறித்த சில்லு. ரத்தம் வந்த கணக்கில் அந்தப் புத்தகம் ஒழுங்காகத்தான் இருந்தது.

சமையல் மேடைக்குப் போடும் கல் பலகைகள் அங்கே தயாராயின. ஆள் உயரத்துக்கு இருக்கும் ஒவ்வொன்றும். பளபளவென்று கண்ணாடி மாதிரி வந்து இறங்கும். பெரிய அறுப்பு மெஷினில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் அறுப்பார்கள். ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓட்டை போடுவதும், ஓரத்தை உருட்டித் தீட்டுவதும் கை மெஷினில் நடக்கும் வேலை. அதற்குத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் பட்டால் பென்சில் கோடு அழிந்துவிடும், வேலை இழுக்கும். மெஷின் கல்லில் பட்டதும் புஸ்ஸென்று வெள்ளையாகக் கிளம்பும். அரை மணியில் ஆளுக்குப் புருவம் நரைத்துவிடும். சாயந்திரம் காற்றுக் குழாயைப் பிடித்து ஒருவர்மேல் ஒருவர் ஊதிக்கொள்வார்கள். மாவு மில்லிலிருந்து வருகிறவர்கள் மாதிரி இருந்தவர்கள் மனுஷர்களாக வெளியே போவார்கள். ஊதியது எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு முதலில் உறைத்தது புத்தகத்தால் அல்ல, அலமாரியால். பிளாஸ்டர் மாதம் ஒரு பெட்டி. சேர்ந்த நாளிலிருந்து அதே ஒரு பெட்டிதான். இருமல் மருந்து முதல் வருஷம் மாதம் இரண்டு பாட்டில் போயிற்று. ஐந்தாம் வருஷம் பதினொன்று. ஆள் கூடவில்லை. பட்டறை அதேதான், வருகிறவர்களும் அதே ஆட்கள்தான். ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டு, "எழுதறதெல்லாம் வேணாம்க்கா, சளிதான்" என்று போய்விடுவார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அவள் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். தேதி, என்ன வேலை, எத்தனை வருஷமாக, எவ்வளவு நாளாக இருமல். பெயர் எழுதவில்லை. யாரும் சொல்லிச் செய்யவில்லை. இத்தனை பேர் இருமுவதை நாம் ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம், மறந்துபோனால் அது இல்லாததாகிவிடுமே என்று பயமாக இருந்தது.

தொட்டி ஓட்டை வெட்டுகிறவர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு என்று பட்டப்பெயர். முப்பத்துநாலு வயது. எதற்கும் சிரிப்பான். கால்மேல் பலகை விழுந்தபோதுகூட, "நல்லவேளை அக்கா, கல்லுக்கு ஒண்ணும் ஆகல" என்று சிரித்தபடிதான் நொண்டி வந்தான். மழைக்கால ஆரம்பத்தில் ஒரு காலை, மருந்தறை வாசல்படி இரண்டையும் ஏறிவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை.

"என்னடா, ஓடி வந்தியா?"

"இல்லக்கா. நடந்துதான் வந்தேன்."

கட்டிலில் உட்கார வைத்தாள். இருமினான். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தபோது கூடவே ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. சிவப்பு மாத்திரை. ஏழு வருஷ ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் அதை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள்.

"காசநோயா உனக்கு?"

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "அக்கா, உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா பக்கத்துல ஒருத்தன் நிக்க மாட்டான். வீட்டுக்காரியே பிள்ளையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவா."

"எத்தனை மாசமா சாப்பிடற?"

"ஆறு மாசம் முடிச்சாச்சு. நிக்கல. மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாங்க. ஆனா சளியை டெஸ்ட் பண்ணா கிருமி ஒண்ணும் இல்லைன்னுதான் வருதாம். எக்ஸ்ரே படத்துல மட்டும் வெள்ளை வெள்ளையா தெரியுதாம்."

"சொல்ல மாட்டேன். போ, ரெண்டு நாள் கனமான வேலை எடுக்காதே."

"அதை நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லுங்க" என்று அப்போதுதான் சிரித்தான். சிரித்ததே இருமலாக மாறிற்று.

இரண்டு வாரம் கழித்து, ஓரம் தீட்டுகிற ஒருவர் தனியாக வந்து கேட்டார்: "அக்கா, இந்த மாத்திரை சாப்பிட்டா வயிறு எரியுது, மோரு குடிக்கலாமா?" உள்ளங்கையில் அதே சிவப்பு. அவரும் கதவைச் சாத்தினார். அவரும் கெஞ்சினார். அவருக்கும் சளியில் ஒன்றும் இல்லையாம். அவர் நிற்கும் இடத்துக்கும் சிரிப்பு நிற்கும் இடத்துக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. ஒருவர் சமாச்சாரம் ஒருவருக்குத் தெரியாது. அவரைப் பார்த்து, 'உங்க பக்கத்துல நிக்கிறவனைக் கேளுங்க' என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. மோர் குடிக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் பேச்சு என்று ஒன்று இருந்து பல நாள் ஆகியிருந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. பட்டறையிலிருந்து இருவரும் ஒரே தெருவில்தான் திரும்புவார்கள், ஆனால் அவர் கூட்டாளிகளோடு முன்னால், அவள் பத்தடி பின்னால். வந்ததும் குளிப்பார். தன் தட்டில் தானே சோற்றைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய்ச் சாப்பிடுவார். தட்டைத் தானே கழுவுவார். தன் துணியைத் தானே துவைப்பார். இரண்டு வருஷமாக முன்னறையில், சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். கேட்டபோது, "உள்ள புழுக்கமா இருக்கு" என்றார். அடை மழையிலும் அவருக்குப் புழுக்கம்தான்.

அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். ஐம்பதை நெருங்கும் வயதில் புருஷனுக்குத் தன்மேல் சலிப்புத் தட்டிவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்ல? மகள் போனில் கூப்பிட்டால், "அப்பா எப்படி இருக்காரு?" என்பாள். "இருக்காரு" என்பாள் இவள். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்காது. முட்டை, கீரை, பருப்பு என்று எதைச் சமைத்தாலும் இரண்டு பேரின் சாப்பாடாகத்தான் வைப்பாள், ஒருத்தியாகத்தான் சாப்பிடுவாள்.

அந்த மழையில் மூன்று நாள் வெயிலே எட்டிப் பார்க்கவில்லை. அவர் துவைத்த துணியெல்லாம் வெளியே காயப்போட வழியில்லாமல் சமையல்கட்டில் குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கிற்று. அடுப்படியில் நின்றவள் முகத்தில் அவருடைய பனியன் உரசியது. ஒதுக்கிவிடக் கையை வைத்தாள். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. துவைத்தும் போகாத கறை. அந்தச் சிவப்பு மாத்திரை சாப்பிட்டால் வேர்வைகூட அப்படித்தான் வரும்.

அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். அவர் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனாவது மாசம்?"

"எது?"

"மாத்திரை."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது தடவை. இதுல நாலாவது மாசம்."

"என்கிட்ட சொல்லத் தோணலையா? நான் என்ன வேலை பாக்கறேன்னாவது ஞாபகம் இருக்கா?"

"அதனாலதான் சொல்லல. நீ பக்கத்துல வந்து உக்காந்துப்ப. நெத்தியைத் தொட்டுப் பாப்ப. உனக்கு ஒட்டிக்கிச்சுன்னா நான் என்ன பண்றது?"

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் முட்டிக்கொண்டு வந்தது. "மாத்திரை ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்ல ஒட்டறது நின்னுடும்ங்க. என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். ரெண்டு வருஷமா நீங்க நாற்காலியில உக்காந்து தூங்கறீங்க, நான் என்னென்னவோ நினைச்சுக்கிட்டு உள்ள கிடக்கறேன்."

"என்ன நினைச்ச?"

"அது எதுக்கு இப்ப? சளியில கிருமி இருக்குன்னு வந்துச்சா?" என்றாள்.

"இல்ல. ரெண்டு தடவையும் இல்லைன்னுதான்."

"உங்களுக்கு மட்டும் இல்லைங்க. இன்னும் ரெண்டு பேருக்கு இதே மாதிரி. இதே மாத்திரை, இதே பதில். இது காசநோய் மாதிரி எனக்குப் படல. அந்த வெள்ளைத் தூசிதான்."

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"சொல்ல முடியாது."

"அப்ப என் பேரையும் யாருக்கும் சொல்லாதே. எழுதவும் எழுதாதே." குரல் உயர்ந்ததும் மூச்சு வாங்கியது அவருக்கு. "இருமல்காரன்னு பேரு விழுந்தா நாளைக்கே வெளியே போன்னுடுவான். பொண்ணு மாசமா இருக்கா. அவ மாமியார் வீட்டுல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சுப் பாரு. எனக்கு ஒண்ணும் இல்ல. சரியாப் போயிடும்."

அவள் எழுதவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் இருந்ததைச் சுத்தமாக ஒரு தாளில் எடுத்து எழுதிக்கொண்டு மேனேஜரிடம் போனாள். ஓட்டை வெட்டுகிறவர்கள் ஆறு பேரில் நாலு பேருக்கு இருமல். ஓரம் தீட்டுகிறவர்கள் பத்தில் ஐந்து. புருஷனை அதில் சேர்க்கவில்லை. தண்ணீர் ஊற்றி அறுக்கும் பெரிய மெஷினில் ஏழில் ஒருவர். ஆபீஸில் ஒருவரும் இல்லை. மேலே கூரையோரம் தொங்கும் கூண்டில் உட்கார்ந்து பலகை தூக்கும் கிரேன்காரர், அவரும் உண்டு.

மேனேஜர் கெட்டவர் இல்லை. தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்துத் தன் டிராயரில் போட்டார்.

"அக்கா, ஊர்ல மழைக்காலத்துல யாரு இருமல? என் வீட்டுலயே மூணு பேரு."

"உங்க வீட்டு இருமல் மழை விட்டா விட்டுடும் சார். இது வெயில்லயும் இருக்கு."

"சரி, நான் மேல சொல்றேன். அந்தப் புத்தகத்தையும் குடுத்துட்டுப் போங்க. இதுல இருமலுக்குக் கட்டமே இல்லையே, நீங்களா கோடு போட்டா எப்படி?"

புதுப் புத்தகம் ஒன்று வந்தது. இருமல் மருந்து வருவது நின்றது. அதோடு போகவில்லை. மருந்தக்கா இருமுகிறவர்கள் பட்டியல் எடுத்து மேலே கொடுத்துவிட்டாள், ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பிற்று. மருந்தறைக்கு ஆள் வருவது நின்றுபோயிற்று. வெட்டுப்பட்ட விரலில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டி நடந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தால், எப்போதும் இவளோடு டப்பாவைத் திறக்கும் பெருக்குகிற அம்மாகூட வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள். மருந்தறைக் குழாய் சொட்டுவதைக் கேட்டபடி அவள் தனியாகச் சாப்பிட்டாள். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பி, அங்கேயும் பேசாமல் இருந்தாள். பட்டறையில் எல்லாரும் அவள் புருஷனையும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்போல. "உன்னால நான் தலையைத் தூக்கி நடக்க முடியல" என்று ஒருமுறை சொன்னார். அத்தோடு சரி.

அப்படியே ஒன்றரை மாதம் போயிற்று. ஒரு நாள் காலை பத்து மணிக்கு, மாடிக் கிடங்குப் படியில் ஏறும்போது சிரிப்பு உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் எழவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. அவள் ஓடிப்போய் அவன் முதுகைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, பட்டறை வேனில் ஏற்றி, நெஞ்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழிநெடுக அவன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

அங்கே ஒரு லேடி டாக்டர். வயது அதிகமில்லை, கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்திருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இத்தனை நாளாக எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி.

"இவர் என்ன வேலை செய்யறாரு?"

அவள் சொன்னாள். எந்தக் கல், எந்த மெஷின், தண்ணீர் உண்டா இல்லையா, சாயந்திரம் காற்றுக் குழாயில் ஊதிக்கொள்வது எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. இது கல் தூசி நுரையீரல்ல படிஞ்சு வர்ற நோய். இவருக்கு ரொம்ப முத்திப்போச்சு. இவரை மாதிரி வேற யாராவது இருக்காங்களா அங்க?"

புத்தகம் மேனேஜர் டிராயரில் இருந்தது. ஆனால் அவள் கையால் கோடு போட்டு எழுதியது மனதில் அப்படியே நின்றது. "ஓட்டை வெட்டறவங்க ஆறு பேர்ல நாலு" என்று தொடங்கிக் கிரேன்காரர் வரை ஒப்பித்தாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"இதெல்லாம் யாரு எடுக்கச் சொன்னாங்க உங்களை?"

"யாரும் சொல்லல."

"பேரு வேணும்மா. ஒரு ஆளுன்னா, அவன் உடம்பு அப்படின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. பத்து ஆளு, எந்த இடத்துல நின்னாங்க, எத்தனை வருஷம்னு எழுத்துல இருந்தா, அந்த இடத்தை வந்து பாத்துத்தான் ஆகணும். தொழில்நோய்னு நான் எழுதி அனுப்பறேன். நீங்க ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் டாக்டர்."

"அப்ப அவங்ககிட்டயே போய்க் கேளுங்க" என்றார் டாக்டர்.

ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்த சிரிப்புக்கு இதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. சைகை காட்டிக் கூப்பிட்டான். "என் பேரை முதல்ல போடுங்கக்கா" என்றான், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விட்டு. "எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன். என்ன பாவம் பண்ணினேனோன்னு... தினம் யோசிச்சேன். பக்கத்துல நிக்கறவனுக்கும் இதானா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். யார் என்று அவனும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். புருஷன் நாற்காலியிலிருந்து பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. அவளும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் பேரைச் சொல்லக் கூடாது என்று அவர் முன்பே சொல்லி முடித்தாயிற்று.

முதல் வீட்டில் ஆள் இல்லை என்றார்கள். உள்ளே இருமல் கேட்டது. இரண்டாவது வீட்டில் பெண்டாட்டி வாசலை மறித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் பேரு முதல்ல இருக்கா அந்த லிஸ்டுல?" என்று கேட்டாள். நறுக்கென்று இருந்தது. தெருவில் இறங்கி நின்றாள். மழை வலுத்தது. அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். கிரேன்காரர் வீடு வழியில் இருந்தது, அதனால் கதவைத் தட்டினாள்.

அவர் அறுபதைத் தொடுகிற ஆள். துண்டை எடுத்துக் கொடுத்தார். சூடாக டீ கொடுத்தார். அவள் சொல்வதையெல்லாம் கேட்டார்.

"ஏம்மா, நான் மேல கூண்டுல, வானத்துல உக்காந்திருக்கற ஆளு. எனக்கென்ன தூசி?" என்றார். பிறகு தானே, "தூசிக்கு மட்டும் ஏணி வேணுமா என்ன? முதல்ல மேலதானே வருது. ஜன்னலைத் தினம் மூணு தடவை தொடைப்பேன், கீழ ஆளு தெரியணும்னு. நெஞ்சைத் தொடைக்க முடியல. எழுதிக்கோ" என்றார்.

குடையை அவரே பிடித்தார். திரும்பவும் முதல் வீட்டிலிருந்து போனார்கள். சிரிப்பு பெயரைச் சொல்ல இப்போது அனுமதி இருந்தது. "சிரிப்புக்கு இது. எனக்கும் இதுதான் போல. இது ஒட்டுற வியாதி இல்ல, உன் குத்தமும் இல்ல, கல்லு வியாதி" என்று கிரேன்காரர் கரகரத்த குரலில் சொன்னதும், வாசலை மறித்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். மோர் கேட்டவர் தன் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சிரிப்பு அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போய்விட்டான். படம் எடுக்கும் நாள் அதற்கு மறு வாரம் வந்தது.

ஆஸ்பத்திரியில் நீளமான ஒரு நடை. சுவரோரம் பெஞ்சு. பட்டறை ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தூசி இல்லாத முகங்களாக ஒருவரை ஒருவர் பார்ப்பதே புதிதாக இருந்தது. "நீயுமா?" என்றார்கள். "எப்பலேர்ந்து?" என்றார்கள். பத்தடி தூரத்தில் பத்து வருஷம் நின்றவர்கள் அன்றுதான் பேசிக்கொள்வதுபோல இருந்தது. அவள் படம் எடுக்கும் அறை வாசலில் மேசை போட்டு, டாக்டர் கொடுத்த ஃபாரத்தை ஒவ்வொருவருக்கும் நிரப்பினாள். பதிமூன்று பேர் முடிந்தார்கள். தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது எதிர் நாற்காலி கிறீச்சிட்டது. நிமிர்ந்தாள்.

அவர். தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார்.

"கேளு" என்றார்.

"பேரு தெரியும்" என்றபடி எழுதினாள். "வயசும் தெரியும். என்ன வேலை?"

"ஓரம் தீட்டறது. அதுக்கு முன்னாடி ஓட்டை வெட்டினேன், ஆறு வருஷம்."

"மொத்தம் எத்தனை வருஷம்?"

"பதினேழு."

"இருமல் எப்ப ஆரம்பிச்சது?"

"பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின மழையில."

பேனா நின்றது. "அது ஆறு வருஷம் ஆச்சே."

"ஆமா."

"நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி."

"ஆமா. மாடிப்படி ஏறினா இளைச்சுது. என்னன்னு தெரியல, ஆனா ஏதோ ஒண்ணுன்னு தெரிஞ்சுது. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீ வருமானம் இல்லாம கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னுதான் மேனேஜரைப் பிடிச்சு உன்னை அங்க உக்கார வெச்சேன்."

"இதை ஏன் அன்னிக்கே..."

"இதெல்லாம் ஃபாரத்துல இருக்கற கேள்வியா?"

"இல்ல."

"அப்ப அடுத்ததைக் கேளு. பின்னால ஆளு நிக்குது."

பின்னால் யாரும் இல்லை. அவர்தான் கடைசி. "படுத்தா மூச்சு முட்டுதா?" என்று கேட்டாள். "முட்டுது" என்றார். எழுதினாள். எழுத்து கோணலாகப் போயிற்று.

பதினாலு பேரில் பதினொரு பேருக்கு அந்த நோய் இருந்தது. டாக்டர் எழுதி அனுப்பினார். தொழில் இலாகாவிலிருந்து மூன்று பேர் வந்து, தூசியை ஒரு சின்னப் பெட்டியில் இழுத்து அளந்தார்கள். டிராயரில் இருந்த பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்தார்கள். ஆறு மாதத்துக்குள் கை மெஷினுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. கோடு போட அழியாத மை வந்தது. இவ்வளவு சுலபமாக அது கடையில் கிடைக்கிறது என்பதுதான் எல்லாருக்கும் வயிற்றெரிச்சல். தூசி இழுக்கும் குழாய் வந்தது. காற்றுக் குழாயில் உடம்பை ஊதக்கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். புத்தகமும் புதிது. அதில் நோய்க்கென்று நாலு கட்டம். மேனேஜரே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "அக்கா, ஆபீஸ் ரூமுக்கெல்லாம் அந்தத் தூசி வராதில்ல?" என்று கேட்டார். "எதுக்கும் ஒரு படம் எடுத்துடுங்க சார்" என்றாள்.

உள்ளே போன தூசி மட்டும் வெளியே வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவளுடைய புருஷனுக்கு ஆபீஸில் அளவு எழுதும் வேலை கொடுத்தார்கள். இரண்டு வருஷம் பார்த்தார். மகள் குழந்தையோடு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். அந்த இரண்டு வருஷமும் அவர்கள் பத்தடி இடைவெளி இல்லாமல்தான் வீடு திரும்பினார்கள். அவரால் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. பிறகு ஒரு விடிகாலை, நாற்காலியில் சாய்ந்தவாறே, அவள் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். சான்றிதழில் இதயம் நின்றது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டறை ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. ஆளுக்கு ஒரு வரி, வரிசையாகப் பெயர் அச்சடித்த தாள் வரும். அவர் போய் இருபத்தெட்டு நாள் கழித்து அந்தத் தாள் வந்தது. இரண்டாவது வரியில் அவர் பெயர். ஆஸ்பத்திரி மேசையில் லேடி டாக்டர் பேனாவை எடுத்தார். "இன்னிக்கு நீங்க வரணும்னே இல்லம்மா. இந்த ஒரு வரியை நான் நிரப்பிடறேன்."

"வேணாம் டாக்டர். நானே எழுதறேன்."

இப்போதைய நிலை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். தேதி எழுதினாள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை உதறிக்கொண்டாள். சான்றிதழில் இருந்ததை எழுதவில்லை. 'கல் தூசி, வேலை செய்த இடத்தில்' என்று, கட்டத்துக்கு வெளியே போகாமல், நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

மூன்றாவது பெயரைக் கூப்பிட்டாள். கிரேன்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"சாப்பிட்டியாம்மா?"

"இனிமேதான்." தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க. போன தடவைக்கு இப்ப, படி ஏறினா எப்படி இருக்கு?"